நான் கீறாத பக்கம்

1

வீட்டுக்குள் மாட்டுச் சாணி வைத்திருக்கக் கூடாது என்று எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளில் எங்கும் இல்லை. பால்கனியில் மீன் சுடலாமா, ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடலாமா, படிக்கட்டில் குழந்தை வண்டியை நிறுத்தலாமா என்பதற்கெல்லாம் விதி உண்டு. நார்வேக்காரர்கள் எதையும் முன்கூட்டியே யோசித்து வைப்பவர்கள். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒருவன் கூடத்துக்குள் சாணி கொண்டுவருவான் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

அதனால் சங்கத் தலைவர் எங்கள் கதவைத் தட்டியபோது அவருக்குத்தான் சங்கடமாக இருந்தது. ஓய்வுபெற்ற மாலுமி, மரியாதையான மனிதர். படிக்கட்டில் கிராமத்து வாசனை வருவதாகச் சிலர் சொல்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் அவரை உள்ளே அழைத்துப்போய் ஜன்னலோரம் இருந்த தொட்டியைக் காட்டினேன். பெரிய மண்தொட்டி. அதன் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு இலையில்லாத, கிளையில்லாத ஒரு கட்டை. கட்டையின் தலையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு சாணி உருண்டை.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது கலைப்படைப்பா என்று கேட்டார்.

இல்லை, கட்டு என்றேன். காயத்துக்குப் போடும் கட்டு என்பதற்கான நார்வே மொழிச் சொல் அந்த மாதங்களில் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. எங்கள் வீட்டில் நடந்தது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். "இப்போது எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். என் மகளைத்தான் கேட்டார். ஆனால் அவர் கண் இன்னும் தொட்டியில் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொன்னேன்: "பார்க்கலாம்."

2

ஊரில் இருப்பவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது பெர்கன். சுற்றிலும் மலை, நடுவில் கடல், வருஷம் முழுக்க மழை. தென்காசிக்காரன் ஒருவன் இங்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் குற்றாலத்துச் சாரல் மேலே படும். இந்த ஊர் மழை உள்ளே இறங்கும். வந்த புதிதில் அக்காவுக்குப் போன் போட்டு மழை பெய்கிறது என்றால், "அங்கயும் சீசனாலே?" என்பாள். பிறகு அவளுக்கும் அலுத்துவிட்டது.

நான் மீன் பண்ணைகளுக்குப் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். மனைவி சாந்திக்குச் சொந்த ஊர் சுரண்டை. இங்கே ஒரு மழலையர் பள்ளியில் இருக்கிறாள். ஒரே மகள். குற்றாலத்து அம்மன் குழல்வாய்மொழி. அந்தப் பெயரைச் சுருக்கிக் குழலி என்று வைத்தோம். இந்த ஊர் வாயில் அது கூலாலி ஆகிவிட்டது. அவளும் போனில் தன்னைக் கூலாலி என்றே சொல்லிக்கொள்வாள். வீட்டில் கேட்டதும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததும் கலந்த தமிழ் அவளுடையது. பள்ளியை நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதனால் சோறு கேட்கும்போது தென்காசி, கோபம் வந்தால் யாழ்ப்பாணம்.

கறிவேப்பிலைச் செடியும் அந்தப் பள்ளி வழியாக வந்ததுதான். குழலி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த யோகா அக்கா, தன் வீட்டுச் செடியின் அடியில் முளைத்த பக்கக்கன்றைத் தயிர் டப்பாவில் வைத்துத் தந்தார். கன்று அவர் பேச்சில் கண்டு. "கண்டு சின்னன், பிள்ளை மாதிரிப் பாருங்கோ" என்றார். பார்த்தோம். குளிர்காலத்தில் அதற்கென்று ஒரு விளக்கு, கோடையில் புளித்த மோர். கூரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்தது. மற்ற வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பதைப் பார்த்துவிட்டு, எட்டு வயதுக் குழலி இதில் காகித நட்சத்திரம் கட்டினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் வீட்டில் கறிவேப்பிலை மரம்தான் கிறிஸ்துமஸ் மரம். ரசத்துக்கு ஒரு இணுக்கு ஒடிக்கப் போனால் கையில் நட்சத்திரம் வரும்.

பெரியவளானதும் நட்சத்திரம் கட்டுவது நின்றது. அறைக்கதவு மூடியே இருந்தது. கேட்டதற்கு நார்வே மொழியில் பதில் வந்தது. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று நண்பர்கள் சொன்னார்கள். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

போன நவம்பரில், சாலையில் முதல் பனி உறைந்த காலை, சைக்கிளில் பள்ளிக்குப் போனவளை ஒரு கார் இடித்தது. ஓட்டியவர் வேகமாக வரவில்லை; பிரேக் பிடித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. வலது தொடை எலும்பு இரண்டு துண்டு. தலையில் அடி, உள்ளே லேசான ரத்தக்கசிவு. தையல் போடத் தலையின் ஒரு பக்கம் மழித்திருந்தார்கள். அந்த வாரங்களைப் பற்றி இன்னும் என்னால் வரிசையாக எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வந்த நேரத்தை விட வராத நேரம் அதிகம் என்பது நினைவிருக்கிறது. காபி இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே சுவை என்பதும்.

வீட்டுக்கு யாரும் சரியாகப் போகவில்லை. ஹீட்டரைக் குறைத்து வைத்திருந்தோம். செடி விளக்கின் டைமர் எப்போதோ நின்றிருந்தது. குழலியைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, செடி கரிந்து நின்றது. தரையெல்லாம் கறுப்பு இலை. அவள் அதைப் பார்த்தாள். சாந்திதான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். வெகுநேரம் கூட்டினாள்.

3

அத்தானுக்குப் போன் போட்டேன். அக்காவின் வீட்டுக்காரர். போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஆய்க்குடிப் பக்கம் இருக்கும் எலுமிச்சைத் தோட்டத்தை விசாரணைக் கைதி போல நடத்துகிறவர். வீடியோவில் செடியைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"மாப்ள, பாவம் பாக்காதீரும். கவாத்து பண்ணிரும். பட்டுப்போன கொப்ப வச்சிக்கிட்டே இருந்தா, வேரு அதுக்கும் சேத்து உழைக்கணும்லா."

ரம்பத்தைச் சாந்தி பிடித்தாள். நான் போனைப் பிடித்தேன். முதலில் நுனிகளை எடுத்தாள். "இன்னும் கீழ" என்றார் அத்தான். கிளைகளை எடுத்தாள். "இன்னும் கீழ." ஒவ்வொரு வெட்டுவாயையும் கேமராவுக்குக் காட்டினோம். எல்லாம் பழுப்பு. ஒரு சாண் மிச்சமிருந்தபோதுதான் வட்டத்தின் ஓரத்தில் மெல்லிய பச்சைக்கோடு தெரிந்தது. "போதும், நிறுத்துங்க" என்றார். சாந்தி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செடிக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

அத்தான் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, வெட்டுவாயில் சாணி வைக்க வேண்டும். நம் பக்கத்தில் முருங்கைக் கொம்பு ஊன்றியவர்கள் எல்லோருக்கும் தெரியும். தலையில் ஒரு சாணி உருண்டை வைக்காமல் யாரும் கொம்பு நடுவதில்லை. ஈரம் உள்ளே நிற்கும், பூச்சி ஏறாது. இரண்டாவது, உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை இருந்தால் இருக்கிறது.

சாணிக்காக ஒரு சனிக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரர் எத்தனை டன் வேண்டும் என்று கேட்டார். ஒரு கைப்பிடி என்றேன். என் மொழியில் ஏதோ பிழை என்று நினைத்து அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். ஆங்கிலத்திலும் ஒரு கைப்பிடிதான். கடைசியில் கையை மூடிக் காட்டினேன். மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். ஆனால் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கழுவி அதில் நிரப்பித் தந்தார். குளிர்காலத்தில் இங்கே மாடுகள் கொட்டிலை விட்டு வெளியே வருவதில்லை. புளிக்க வைத்த புல்தான் தீனி. நம் ஊர்ச் சாணியில் வைக்கோல் வாசம் இருக்கும், வாசலில் தெளிக்கலாம். இது வேறு. காரின் நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டு, உறைபனியில் கோட்டும் தொப்பியுமாக ஓட்டி வந்தேன். உருண்டை பிடிக்க நிற்காத பதம். கோதுமை மாவு கலந்து பிடித்தேன். இதை அத்தானிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம்தான் சங்கத் தலைவர் வந்தார்.

அவர் போன பிறகு சாந்தி சாணியை எடுத்துவிட்டு மெழுகு தடவினாள். வாசனை போயிற்று. எனக்குத்தான் நிம்மதி போயிற்று. சாணி இருந்தவரை ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது வெறும் கட்டை. இலை இல்லாததால் வாடுகிறதா என்றும் தெரியாது. ஆகவே கீறினேன்.

காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு கீறல். பச்சை. வந்ததும் இன்னொன்று. பச்சை. காலையில் கீறிய இடம் மாலையில் காய்ந்து பழுப்பாகியிருக்கும்; பயம் வந்து பக்கத்தில் கீறுவேன். பச்சை. கட்டையின் கைக்கெட்டும் பக்கமெல்லாம் பூனை பிராண்டிய மாதிரி ஆகிவிட்டது.

4

மகளிடமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

தலை வலிக்கிறதா? கிறுகிறுப்பு வருகிறதா? நேற்று ராத்திரி தூங்கினாயா? மாத்திரை போட்டாயா? வெளிச்சம் கூசுகிறதா? அறைக் கதவைத் திறந்து கேட்பேன். அவள் திரும்பாமலே கட்டை விரலை உயர்த்திக் காட்டுவாள். அரை மணி கழித்து மறுபடி திறப்பேன். கம்பெனியில் இருக்கும்போது செய்தி அனுப்புவேன். பதில் வரப் பத்து நிமிஷம் தாமதித்தால் பம்பு வரைபடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது.

இந்த நாட்டில் பதினாறு வயது முடிந்துவிட்டால் வைத்திய விஷயத்தில் பிள்ளைதான் அதிகாரி. ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது, எனக்கே புரியவில்லை. குழலிக்கு ஜனவரியில் பதினெட்டு. மருத்துவமனையிலிருந்து தகவலெல்லாம் அவள் போனுக்கு வரும். மறு பரிசோதனைக்குக் காரில் கூட்டிப்போவது நான், சக்கர நாற்காலியை மடக்குவது நான், கதவைப் பிடிப்பது நான். உள்ளே போனதும் டாக்டர் அம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு அவளிடம் கேட்பார்: "அப்பா உள்ளே இருக்கலாமா?"

முதல் முறை அவள் சரி என்றாள். நான் அவளுக்கு முன்னால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். அடுத்த முறை அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெளிய இருங்கப்பா, ப்ளீஸ்" என்றாள். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பிளாஸ்டிக் செடி. அதற்கு ஒரு கவலையும் இல்லை.

அந்தத் தாழ்வாரத்தில்தான் என் அப்பா ஞாபகம் வந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்தார். சீசன் தொடங்கினால் விடியும் முன்னே என்னைச் சைக்கிளில் வைத்து, தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்கு மிதிப்பார். பெரும்பாலும் ஐந்தருவி. அவர் குளிக்க மாட்டார். என் சட்டையையும் துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நிற்பார். நான் பெரியவர்களின் கால்களுக்கு இடையில் புகுந்து உள்ளே போவேன். முதல் அடியில் மூச்சு நின்றுவிடும். கண் தெரியாது, காது கேட்காது. பாறையில் முதுகைச் சாய்த்து நின்றால் கொஞ்சத்தில் மூச்சு திரும்பும். அப்புறம் வெளியே வரவே மனசு வராது. தண்ணீருக்கு இடையில் அப்பாவைத் தேடினால், அவர் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு வருத்தமாக இருக்கும். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் கையை ஆட்டி "போதும், வா" என்று கத்துவார்கள். இவர் மலையையே பார்ப்பார்.

அவர் போன பிறகு அம்மா ஒருநாள் சொன்னாள். "உன்னப் பாத்தா பயந்து கூப்ட்டுருவாராம். பிள்ள ஆசையாக் குளிக்கட்டும்னுதான் மலையப் பாத்துக்கிட்டு நிப்பாராம்."

இதை அப்போது கேட்டுவிட்டு மறந்திருந்தேன்.

5

பிப்ரவரி முடிந்து வெளிச்சம் திரும்ப ஆரம்பித்தது. குழலி சக்கர நாற்காலியிலிருந்து ஊன்றுகோலுக்கு வந்தாள். ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமாக இருந்த முடியை அவளே மொத்தமாக ஒட்ட வெட்டிக்கொண்டாள். கட்டை அப்படியே இருந்தது.

ஒருநாள் நான் கீறிக்கொண்டிருந்தபோது சோபாவில் இருந்து அவள் குரல் வந்தது. "அப்பா, ஒவ்வொரு நாளும் கீறினா அதுக்கு நோகும்தானே?"

"உயிர் இருக்கான்னு பாக்கேம்மா."

"இருக்கு. நேத்தும் இருந்தது."

நான் கையை எடுத்துவிட்டேன். மறுநாள் அவள் தூங்கும்போது கீறினேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நல்ல வெயில். இந்த ஊரில் அது பண்டிகை மாதிரி. ஜன்னலைத் துடைக்கப் போனவன், தொட்டியின் மறுபக்கத்தில், கண்ணாடியை ஒட்டி ஒரு காகிதக் காபிக் கோப்பை மண்ணில் செருகியிருப்பதைப் பார்த்தேன். குடித்துவிட்டுத் தொட்டியில் வைத்திருக்கிறாள் என்று சலிப்போடு கையை நீட்டினேன்.

"அதை எடுக்காதேங்கோ!"

யாழ்ப்பாணம் வந்துவிட்டது. கை நின்றது. ஊன்றுகோல் இல்லாமல் சோபாவைப் பிடித்துப் பிடித்து வந்தாள். கோப்பைக்கு அடி இல்லை, வெட்டியிருந்தாள். ஜன்னல் பக்கம் வெயில் படக் கத்தரியால் ஒரு வாசல் வேறு வைத்திருந்தாள். மெதுவாகத் தூக்கினாள்.

உள்ளே இரண்டு தளிர். கட்டையிலிருந்து இல்லை, வேரிலிருந்து. சிவப்பும் பச்சையுமாக, ஒவ்வொன்றிலும் எறும்பு அளவு இலைகள். யோகா அக்கா தயிர் டப்பாவில் தந்தது இப்படித்தான் இருந்தது.

"எப்ப வந்தது?"

"வந்து கொஞ்ச நாளாச்சு."

"ஏன் சொல்லல?"

அவள் என் விரலைப் பார்த்தாள். "நீங்க கீறுவீங்க."

தளிரைப் போய் யாராவது கீறுவார்களா என்றேன்.

"தொட்டுப் பாப்பீங்க. போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்புவீங்க. விளக்கைக் கிட்டக் கொண்டு வருவீங்க. தண்ணி ஊத்துவீங்க. அது பாவம்."

சமையலறையில் சாந்தி சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு இன்னொன்றும் தெரிந்தது: அவளுக்குத் தளிர் விஷயம் முன்பே தெரியும்.

குழலி கோப்பையைத் திரும்ப வைத்தாள். "இன்னொண்டும் சொல்லோணும் அப்பா" என்றாள். ஜூன் மாதம் தென்காசிக்குப் போகிறாள். அத்தையிடம் பேசிவிட்டாள். தனியாகப் போகிறாள். எப்படியும் இந்த வருஷப் படிப்பு போய்விட்டது. ஆகஸ்டில்தான் மறுபடி தொடங்கும். ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினால் அவளுக்கு வந்ததெல்லாம் அருவிச் சத்தமாம். சின்ன வயதில் இரண்டு முறை போயிருக்கிறாள், அவ்வளவுதான். அது என் காதுக்குள் இருக்கும் சத்தம் என்று நினைத்திருந்தேன். அவளுக்குள்ளும் போயிருக்கிறது என்று தெரியாது.

எனக்கு வந்த பதில்களை எல்லாம் சொன்னேன். விமானம் மாறி மாறிப் போக வேண்டும். காலில் கம்பி இருக்கிறது. தென்காசியில் ஒரு சாலையைக் கடப்பதே பெரிய வேலை. அருவிப் பாறையில் பாசி, வழுக்கும். தலையில் அடிபட்டவள் தலையில் தண்ணீர் விழ நிற்பதா?

"டாக்டரிட்ட கேட்டுட்டன்" என்றாள். என்னை வெளியே உட்கார வைத்த அன்றே கேட்டிருக்கிறாள். டாக்டர் அம்மா வீடியோ காட்டச் சொல்லி, குற்றாலத்துப் பேரருவியை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தாராம். பிறகு, தோளில் விழலாம், தலையில் இந்த வருஷம் வேண்டாம் என்றாராம்.

நான் சாந்தியைப் பார்த்தேன். "அவ நம்மகிட்ட கேக்கலங்க" என்றாள் சாந்தி. "சொல்லுதா."

அன்று அக்காவுக்குப் போன் போட்டேன், அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று. எடுத்ததுமே, "ஏலே, புள்ளய அனுப்பி வையி. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"வழுக்கும் அக்கா."

"நாங்க என்ன இங்கன தெனமும் வழுக்கி விழுந்துக்கிட்டா கெடக்கோம்?"

"அதுக்கில்ல. ஏற்கெனவே ஒருதடவ விழுந்தவ."

அக்கா சத்தத்தைக் குறைத்துச் சொன்னாள். "அவ விழுந்தது உன் ஊர்லலே. இங்கன இல்லையே."

பாதுகாப்பான நாடு என்று சொல்லித்தான் இங்கே இருக்கிறேன். பெற்ற பிள்ளையைச் சொந்த ஊருக்கு அனுப்பத்தான் பயப்படுகிறேன். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அதில் ஏதோ சரியில்லை.

6

அவளுடைய வெளிநாட்டு இந்தியர் அட்டையில் பல்லில்லாத ஆறு வயதுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்ட வெட்டிய தலையும் நெற்றித் தழும்புமாகப் பதினெட்டு வயதுப் பெண். இரண்டும் ஒரே ஆள் என்று இரண்டு அரசாங்கங்களையும் நம்ப வைக்கும் வேலையை அவளே செய்தாள். நான் உதவட்டுமா என்று கேட்டேன். கட்டை விரலை உயர்த்தினாள். இம்முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி சொல்லியிருந்தேன். நாற்காலியைப் பார்த்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வையில் அது தானே திரும்பிப் போய்விட்டது. கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். சாந்தி கட்டிப்பிடித்து விட்டுவிட்டாள். நான் விடவில்லை. "அப்பா, வலிச்சா நானே சொல்றன். சொல்லாட்டி வலிக்கேல்ல. சரியா?" என்றாள். சரி என்றேன்.

செடியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். தொட்டியை வாரம் ஒருமுறை கால் வட்டம் திருப்ப வேண்டும். தூக்கிப் பார்த்து லேசாக இருந்தால் மட்டும் தண்ணீர். வேறு ஒன்றும் செய்யக் கூடாது. வீட்டுக்கு வந்து பார்த்தால், தொட்டியின் விளிம்பில் நகவெட்டி ஒன்றை வைத்திருந்தாள். உட்கார்ந்து பத்து விரலையும் ஒட்ட வெட்டினேன்.

திருவனந்தபுரத்தில் அத்தான் கார் கொண்டுவந்து நின்றார். செங்கோட்டை வந்ததும் குழலி ஒரு படம் அனுப்பினாள்: கார்க் கண்ணாடி, அதில் தூறல், வேறொன்றுமில்லை. அதற்கப்புறம் அவளிடமிருந்து தகவல் குறைந்தது. அக்காதான் சொல்வாள். புரோட்டாக் கடையில் சால்னாவுக்கு அழுதாளாம், உறைப்பில். தென்காசிக் கோவில் கோபுர வாசலில் காற்று தள்ளும் அல்லவா, அதில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாளாம், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் பார்க்க. யாரோ ஒரு பெரியவர் "யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டிருக்கிறார். அவளே என் அப்பாவின் பெயரைச் சொன்னாளாம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. "முடி ஏன் இப்படி வெட்டியிருக்கா, வேண்டுதலான்னு தெருவே கேக்கு" என்றாள் அக்கா. "ஆமான்னு சொல்லிட்டேன். பின்ன என்ன சொல்ல?"

நான் யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது ஒரு வேலை என்று தெரிந்தது. காலையில் எழுந்தால் விரல் போனுக்குப் போகும். எடுத்துத் தொட்டியின் விளிம்பில் வைப்பேன். கோப்பையை விட்டுத் தளிர்கள் மேலே வந்திருந்தன. சாந்தி பழைய காகித நட்சத்திரம் ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் ஒரு குச்சியில் செருகியிருந்தாள். தளிர் அதைத் தாங்காது.

நேற்றுக் காலை தொட்டியை இரண்டாவது கால் வட்டம் திருப்பும் முறை. திருப்பினேன். இத்தனை மாதமும் கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம் என் பக்கம் வந்தது. கட்டையின் அந்தப் பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. அங்கே என் கை எட்டியதில்லை. பட்டை முழுசாக, கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது. அதில், மேல் வெட்டுக்கு இரண்டு விரல் கீழே, பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு பச்சை முனை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. செத்துவிட்டது என்று நான் மனசுக்குள் எழுதி வைத்த கட்டை.

சாந்தியைக் கூப்பிட வாயெடுத்தபோது போன் அடித்தது. அக்கா. பின்னால் ஒரே இரைச்சல்.

பேரருவியில் தண்ணீர் கூடுதல் என்று போலீஸ் கயிறு கட்டி நிறுத்திவிட்டார்களாம். அதனால் புலியருவிக்கு வந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் குளிக்கும் அருவி. தண்ணீர் மட்டாக விழும். குழலி உள்ளே போயிருக்கிறாள். அக்கா அவள் துணியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறாள்.

"தோள மட்டுந்தான் காட்டுதா. வாக்குக் குடுத்திருக்காளாம்லா. பாறையில சாஞ்சு கண்ண மூடி நிக்கா. கூப்ட்டா கேக்கல." அக்கா என் பதிலுக்காகக் காத்திருந்தாள். "ஏலே, இருக்கியா? பாக்கியா? போனத் திருப்பட்டுமா?"

ஒருமுறை பார்த்தால் போதும் என்று இருந்தது. கால் நேராக நிற்கிறதா, பக்கத்தில் கூட்டம் தள்ளுகிறதா, பிடிக்கக் கம்பி இருக்கிறதா.

"வேண்டாம் அக்கா. அவ குளிக்கட்டும். நீயும் அவளப் பாத்துக்கிட்டே நிக்காத."

"பின்ன எங்க பாக்க?"

"மலையப் பாரு."

இரைச்சல் மட்டும் கேட்டது. அப்பாவின் தோளில் கிடந்த துண்டு அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் கழித்து, "மலையா? மேகம் மூடிக் கெடக்குலே. ஒண்ணும் தெரியல" என்றாள்.

"பரவால்ல. பாரு."

அக்கா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எங்கள் மலையும் மூடித்தான் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.